விஷ்ணுகிராந்தியும் சவிகற்பக் காட்சியும்

திருச்சிற்றம்பலம்



சங்கரநயினார்கோயில் என்று நம் முன்னோரால் வழங்கப்பெற்று, இன்று சங்கரன்கோயில் எனச் சுருங்கி நிற்கும் திருப்பதி 2019-ஆம் ஆண்டு முதல் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் அமைந்தமையால், தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தைப் பெரும்பாலும் மலைக்கு அப்பால் உகுத்துவிட்டு வெறுங்காற்றாய் வந்து வீசும் நாடு அது. கரிசலும் செம்மண்ணும் விரவிய அந்நிலத்திற்கு உயிர் தருவது ஐப்பசி கார்த்திகையிற் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே. அம்மழை ஓய்ந்தபின், அவ்வூரினின்று கழுகுமலைக்கும் கோவில்பட்டிக்கும் இராசபாளையத்துக்கும் செல்லும் வழிகளைப் போன்ற வறண்ட வழிகளின் ஓரத்தே, உடைமரமும் ஆவிரையும் நிற்கும் வெளிகளில், காலையிற் குனிந்து நோக்குவார்க்கு மட்டும் புலப்படும் சிறிய நீலமலர் ஒன்று உண்டு. அதனைக் காண்டல் எளிது. அஃது இன்னது என்று துணிதல் எளிதன்று. அத்துணிவு யாங்ஙனம் பிறக்கின்றது என்பதை நம் சித்தாந்த அளவை முறையான் ஆராய்தலே இவ்வுரையின் நோக்கம்.

இதனைக் கேட்ட அளவில் ஒரு தடை நிகழும். பதி பசு பாசம் என்னும் முப்பொருளை ஆராயும் நமக்கு, ஆடுமாடுகள் மிதித்துச் செல்லும் ஒரு பூண்டினை ஆராய்தலாற் பயன் என்னை என்பது அத்தடை. அதற்கு விடை கூறுதும். திருத்துறையூர் அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார் சுபக்கத்திற் பதியிலக்கணத்தைத் தொடங்குமுன் அளவையிலக்கணத்தையே வைத்தருளினார். பொருள் இன்னதென்று கூறப்புகுவார், பொருளை அறியும் கருவி இன்னதென்று முதற்கண் தெளிதல் வேண்டும் என்பதே அவ்வைப்பு முறையாற் பெறப்படும் கருத்து. கருவி எளிய பொருளிற் பழகிக் கூர்மையுற்ற பின்னரே அரிய பொருளிற் செல்லும். கண்முன் நிற்கும் ஒரு மலரை உள்ளவாறு காணமாட்டாதார், கண்ணுக்கும் மனத்துக்கும் எட்டாத பொருளைக் கண்டேம் என்று வழக்கிடுதல் நகைக்கிடமாம். பாவநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் அவதரித்து, திருவாவடுதுறை ஆதீனத்தை விளங்கச் செய்து, 1785-ஆம் ஆண்டிற் சிவபதம் எய்திய மாதவச் சிவஞான முனிவர் சித்தியாருக்குப் பொழிப்புரை வகுத்தருளினமை யாவரும் அறிவர். பொருநை நாட்டு முனிவர் தெளித்த முறையைப் பொருநைக்கு வடபால் உள்ள வறண்ட நாட்டு மலரொன்றில் வைத்துக் காண்டல் பொருந்துவதேயாம்.

ஒருவன் வழிச்செல்கின்றான், அவன் கண்ணில் நீலப்புள்ளி ஒன்று படுகின்றது. ‘ஏதோ ஒன்று உளது’ என்னும் அளவில் அவன் அறிவு நிற்கின்றது. பெயர் முதலிய வேறுபாடு தோன்றாது பொருளின் உண்மை மாத்திரையே தோன்றும் இவ்வறிவினை நிருவிகற்பக் காட்சி என்ப. காலந்தோறும் தாம் நடக்கும் வழியில் மலரும் மலர்களைப் பற்றி நம்மிற் பலர் வாழ்நாள் முழுதும் கொண்டிருப்பது இவ்வறிவே. அது பொய்யறிவன்று, ஆயினும் முற்றிய அறிவுமன்று. வித்து நிலத்தில் விழுந்த அளவு போன்றது அது.

அதற்கு மேல் ஓரடி எடுத்து வைப்பான் முதற்கண் ஐயத்தை எதிர்ப்படுகின்றான். ‘இது கானாம்வாழையோ? காக்கணமோ? பிறிதொன்றோ?’ எனக் குற்றியோ மகனோ என்பாற்போல அவன் உள்ளம் இரண்டிடத்தும் சென்று மீளும். கானாம்வாழையும் காலையில் நீலமாய் மலர்ந்து வெயிலேற வாடுவது, காக்கணமும் நீலமே. ஐயக்காட்சி பிரமாணம் ஆகாது என்பது உண்மை. எனினும் ஐயுற்றவன் தேடுதலை விட்டிலன். அஞ்சத்தக்கது திரிவுக்காட்சியே. இப்பியை வெள்ளி என்று துணிந்தவன் அதன்பின் இப்பியை நோக்கான். நீலமலரைக் கண்டவுடன் ‘சங்கபுட்பம்’ என்று சொல்லி அப்பாற் செல்வான், தான் அறிந்தேன் என்று மகிழ்கின்றானாதலின், அறியாதானினும் அறிவுக்குச் சேயனாகின்றான். நம் நாட்டில் அப்பெயரால் வழங்கும் காக்கணமோ வேலியிற் சுற்றி ஏறும் கொடி. அவரையும் பயறும் சேர்ந்த இனத்தது. காய் நெற்றாய் நீளும். நாம் ஆராயும் பூண்டோ தரையைத் தழுவிக் கிடப்பது. நிறம் ஒன்றே பற்றி இரண்டனையும் ஒன்றென்றல், மஞ்சள் நிறம் பற்றிப் பித்தளையைப் பொன்னென்றல் போலும்.

இனி, ஐயமும் திரிபும் நீங்கப் பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்னும் ஐந்தானும் வேறுபடுத்து அறிவது சவிகற்பக் காட்சி. இவ்வைந்தனுட் பெயர் முதற்கண் எண்ணப்படினும், மலரை ஆராய்வான் அதனை இறுதிக்கண் வைத்துக்கொள்ளுதல் நன்று. காரணம் பின்னர் விளங்கும். ஏனை நான்கினையும் முறையே காண்போம்.

சாதியாவது இனம். இம்மலர் புனல் வடிவாய் அடியிற் குவிந்து மேலே விரிந்திருத்தலும், அல்லிவட்டம் மடிப்புடையதாய் இருத்தலும், இதனைத் தாளி, அடம்பு, சர்க்கரைவள்ளி என்பவற்றின் இனத்தோடு சேர்க்கின்றன. நெய்தல்நிலத்து மணலிற் படரும் அடம்பும், உழவர் கிழங்குக்காக நடும் வள்ளியும், மழைமறைவு நாட்டு வழியோரத்து இச்சிறு பூண்டும் ஒரு குடிப்பிறப்பின என்பது வியப்பன்றோ? உருவச் சிறுமையும் பெருமையும் சாதியை வேறாக்கா.

குணமாவது நிறம் முதலியன. மலர் வெளிர்நீலம், நடுவில் வெண்மை, சிலவிடத்து முழுதும் வெண்மையாதலும் உண்டு. அகலம் ஒரு விரற்கிடையினும் குறைவு. இலை சிறிது, நீண்டு குறுகியது, காம்பு உண்டோ இல்லையோ எனத் தண்டை ஒட்டி நிற்பது. தண்டினும் இலையினும் பட்டுப்போன்ற வெண்மயிர் படிந்திருத்தலின், வெயிலில் நோக்குவார்க்குச் செடி முழுதும் சாம்பல் பூத்தாற்போலத் தோன்றும்.

கன்மமாவது தொழில். காலையில் விரிந்து, வெயில் முதிரக் குவிந்துவிடுதல் மலரின் தொழில். தண்டுகள் பலவாய் வேர்முடியினின்று நாற்புறமும் பரந்து கிடத்தல் செடியின் தொழில். தன் இனத்துக் கொடிகள் பலவும் கொழுகொம்பு கண்டவழிச் சுற்றி ஏறாநிற்க, இஃது எதனையும் சுற்றுவதில்லை. பக்கத்தே முள்வேலி நிற்பினும் அதனைப் பற்றாது நிலத்திலேயே கிடக்கும். இஃது ஒன்றே இதனை இனத்தாரினின்றும் பிரித்துக் காட்டப் பெரிதும் துணைசெய்வது.

பொருளாவது உறுப்பும் உடைமையும். கட்டையாய் உறுதிப்பட்ட வேர் இதற்கு உண்டு. கோடையில் மேற்பாகம் கரிந்தொழியினும் அவ்வேர் மண்ணுள் உயிரோடிருந்து, மழை பெற்றவுடன் மீளத் தளிர்க்கும். மலரைத் தாங்கும் காம்பு நூல்போல் மெலிந்து நீண்டது. மலரினுள்ளே மகரந்தத்தாள்கள் ஐந்து. அவற்றின் நடுவே உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு நோக்குவார்க்குச் சூலகத்தின் மேல் தண்டுகள் இரண்டு தோன்றும்; அவ்விரண்டும் தனித்தனி இவ்விரண்டாய்ப் பிளந்து நான்கு நுண்ணிழைகளாய் நிற்கும். தாளி முதலியவற்றிற்குத் தண்டு ஒன்றே. ஆகவே நிறமும் உருவும் மயக்கினும் மயக்காத அடையாளம் இதுவேயாம். அமெரிக்காவினின்று வந்து இந்நாட்டிற் பரவிய இதன் உறவுப்பூண்டு ஒன்று உளது. அதற்கும் தண்டு இவ்வாறே பிளந்திருக்கும். ஆயின் அதன் இலை காசுபோல் வட்டமாயும், மலர் வெள்ளையாயும், தண்டு கணுதோறும் வேர்விடுவதாயும் இருத்தலின் அதனை விலக்குதலும் எளிதாம். இங்ஙனம் சாதியான் அணுகி, குணத்தானும் கன்மத்தானும் தெளிந்து, உறுப்பான் துணிதலே முறை.

ஈண்டு நம்மனோர்க்கு நேரும் ஒரு வழுக்கலைச் சுட்டுதல் வேண்டும். மலரைக் கண்டவுடன் ‘ஐந்து இதழ், ஆதலின் ஐந்தெழுத்து’ என்று உபதேசம் செய்யத் தொடங்குவார் உளர். பக்தி மிகுதியால் எழும் அவ்வுரை கேட்டற்கு இனிதே. ஆயினும் இம்மலருக்கு ஐந்து இதழ் இல்லை. ஐந்து முனையாய்த் தோன்றும் அல்லிவட்டம் பிரிவின்றி இணைந்த ஒரே உறுப்பு. மெல்ல இழுப்பின் முழுதும் ஒன்றாகவே கழன்று வரும். ஐந்தெழுத்தைக் காண விழைந்தவன் மலரைக் கண்டிலன். மலரைக் காணாமையின் அவன் கண்ட ஐந்தெழுத்தும் மலரிடத்ததன்று, அவன் மனத்ததே. பொருளைக் காணுமுன் கருத்தை ஏற்றுதல் திரிவுக்காட்சியின் ஒரு வகை. அது பக்தியுடையாரையே பெரிதும் பற்றுதலின், அவரே அதனிற் பெரிதும் விழிப்புடையராதல் வேண்டும். இறைவன் படைப்பில் உள்ளது உள்ளவாறே கண்டு நிற்றல் அவனுக்குச் செய்யும் வழிபாடுகளுள் ஒன்று என்க.

இனிப் பெயர். இதுகாறும் கூறிய நான்கினையும் ஒருவன் தன் கண்கொண்டே அறியலாம். பெயரையோ எத்துணைக் கூர்த்த கண்ணனும் மலரினின்று காணமாட்டான். அனுமானமும் ஈண்டு உதவாது. முன்னர் அறிந்த மலரின் மணம் வந்தவழி மலரைக் கருதி உணர்தல் பூர்வக்காட்சியனுமானம் என்பர். ஆயின் அம்மலரின் பெயரை முன்னரே பிறர்பாற் கேட்டறிந்தவனுக்கன்றி அவ்வனுமானமும் பெயரைத் தாராது. ஆகவே பெயர் அறிதற்கு வாயில் ஒன்றே. அஃது அறிந்தார் ஒருவர் சொல். மாடு மேய்க்கும் சிறுவனாயினும், மூலிகை பறிக்கும் முதியவளாயினும், மருத்துவ நூல் வல்லாராயினும், உண்மை அறிந்து உள்ளவாறு உரைப்பாரே அவ்வளவில் ஆப்தர். இதுபற்றியே பெயரை இறுதிக்கண் வைத்தோம். பொருளைக் காணாதவழிக் கேட்ட பெயர் வெற்றோசை. கண்டபின் கேட்ட பெயர் பொருளைத் திறக்கும் திறவுகோல்.

இச்செடியை அறிந்தார் இதனை விஷ்ணுகிராந்தி என்றும், விஷ்ணுகரந்தை என்றும் கூறுவர். கிராந்தம் என்பது வடமொழியில் அடிவைத்தல், கடத்தல், பரத்தல் என்னும் பொருட்டு. திருமால் உலகளந்த அடியை நினைந்து இட்ட பெயராகலாம். தரையோடு தரையாய் மிதிபடக் கிடக்கும் செடிக்கு அது பொருந்துவதே. சேரநாட்டார் போற்றும் பத்துப் பூக்களுள் இதுவும் ஒன்று. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரிற் பன்னிரண்டு தொகுதிகளாய் வெளிவந்த மலையாளத் தாவரப் பெருநூலிலும் இது மலையாளப் பெயரோடே இடம்பெற்றது.

ஆயின் பெயர் வழக்கிற் புகுந்தால் மயக்கம் பல எழும். ‘கிராந்தி’ என்னும் சொல் செவிவழிப் பரந்து, தமிழர்க்குப் பழக்கமான ‘கரந்தை’ என்னும் சொல்லோடு கலந்தது போலும். கரந்தை என்பதோ பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்பார் சூடிய பூவாகப் பழந்தமிழ் நூல்களில் வழங்கி, அத்திணைக்கே பெயராயிற்று. பிற்காலத்தில் திருநீற்றுப்பச்சைக்கும் கரந்தை என்பது பெயர். அறுவடை முடிந்த ஈரவயல்களில் ஊதாநிறப் பந்துபோலப் பூப்பது கொட்டைக்கரந்தை. அதன் இனத்திற் பிறிதொன்று சிவகரந்தை. திருநீற்றுப்பச்சை துளசியின் இனம். கொட்டைக்கரந்தையும் சிவகரந்தையும் சூரியகாந்தியின் இனம். விஷ்ணுகரந்தையோ தாளியின் இனம். பெயரால் உடன்பிறந்தன, பிறப்பால் முற்றும் வேறாயின. ‘சிவகரந்தையும் விஷ்ணுகரந்தையும் ஒரு செடியின் இருவகை’ என்று பெயர் ஒன்றே பற்றி முடிவுசெய்வான், வழுக்கி வீழ்தல் உறுதி.

வடமொழி வழக்கிலும் இம்மயக்கம் உண்டு. அமரகோசம் கிரிகர்ணி, அபராஜிதை என்பவற்றோடு விஷ்ணுகிராந்தையையும் ஒருபொருட் பெயராக எண்ணும். கிரிகர்ணியும் அபராஜிதையும் காக்கணத்தையே குறிப்பனவாகப் பலரும் கொள்வர். ஆகவே ஒரு பெயர் இரண்டு செடிகளின்மேற் செல்கின்றது. மறுதலையாக, சங்கபுஷ்பி என்னும் மருந்துச்சரக்கு இன்னது என்பதில் மருத்துவர் வேறுபடுவர். சேரநாட்டார் காக்கணத்தைக் கூறுவர்; வடநாட்டார் பலர் தாளியின் இனத்துப் பிறிதொரு செடியைக் கூறுவர்; வேறுசிலர் நாம் ஆராயும் இப்பூண்டினையே கூறுவர். இங்ஙனம் ஒரு பெயர்க்குப் பல பொருளும், ஒரு பொருட்குப் பல பெயரும் நிகழ்தலின், பெயர் மாத்திரையே கொண்டு பொருளைத் துணிதல் அளவை நூலார்க்கு உடன்பாடன்று.

இது சொல்லாராய்ச்சி மாத்திரம் அன்று. உயிர்க்கு உறுதி பயப்பதும் இதன்கண் உளது. சித்த மருத்துவர் விஷ்ணுகிராந்தியைச் சுரக் குடிநீர்களிற் சேர்ப்பர். மருந்துக்கடையில் உலர்ந்து சுருண்டு கிடக்கும் பூண்டுக்கட்டில் நீலமும் இல்லை. விரிந்த மலரும் இல்லை. பெயர்ச்சீட்டு ஒன்றே எஞ்சுகின்றது. அச்சீட்டை எழுதினார் செடியை அறிந்திலராயின், ஓலையில் உள்ள பெயர் ஒன்று, கலத்திற் கொதிப்பது வேறொன்று ஆகும். சுரத்தால் வருந்தும் குழவிக்குத் தாய் நம்பிக் கொடுப்பது அக்குடிநீர். பெயர் பிழைத்தால் நூல் பிழைக்கும். நூல் பிழைத்தால் திருத்திக்கொள்ளலாம். மருந்து பிழைத்தால் யாது செய்வது? ஆதலின் பெயரைப் பொருளோடு பிணிக்கும் தொழில் தருமமும் ஆதல் அறிக.

பெயர்மயக்கத்தை நீக்கவே மேனாட்டார் ஒரு முறை வகுத்தனர். சுவீடன் நாட்டு லின்னேயஸ் என்பார் 1753-ஆம் ஆண்டில் வெளியிட்ட தாவர நூலில், ஒவ்வொரு செடிக்கும் இனப்பெயரும் சிறப்புப்பெயருமாக இரண்டு சொற்களே அமைத்தார். அந்நூலில் இச்சிறு பூண்டினைக் கான்வால்வுலஸ் என்னும் இனத்தில் வைத்தார். அச்சொல்லின் பகுதி, சுற்றிச் சுருளுதல் என்னும் பொருட்டு. பின்னர் 1762-ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் பதிப்பில், இதனை எவால்வுலஸ் என்னும் இனத்திற்கு மாற்றினார். அதன் பொருள் சுற்று அவிழ்தல். இன்றும் உலக முழுதும் எவால்வுலஸ் ஆல்சினாய்டிஸ் என்பதே இதன் நூற்பெயர். காம்பிள் என்பார் 1915-இல் தொடங்க, பிஷர் என்பார் 1936-இல் நிறைவேற்றிய சென்னை மாகாணத் தாவர நூலும், பின்னர்த் திருச்சிராப்பள்ளி ராபினாட் தாவரக்காப்பகத்து மாத்யூ என்னும் பாதிரியார் 1981 முதல் வெளியிட்ட தமிழ்நாட்டுத் தாவர நூலும் அம்மரபிற் செல்வனவே. காய்ந்த செடியின் மாதிரியைத் தாளில் ஒட்டி, பறித்த இடமும் நாளும் குறித்து, பெயர்க்குச் சான்றாகக் காத்து வைப்பது அவர் வழக்கம். பெயர் சொன்னார் மறைந்த பின்னும், எவரும் சென்று பொருளோடு ஒத்துநோக்க அம்மாதிரி நிற்கும். ஆப்தவாக்கியத்தைக் காட்சியால் உறுதிப்படுத்தும் வழியே அது. நம் அளவை நூற்கு அயலானதன்று.

அப்பெயர் மாற்றத்தில் நமக்கும் ஒரு சுவை உண்டு. அவர் கருதியது கொடியின் இயல்பை மாத்திரமே. ஆயினும், சார்ந்ததன் வண்ணமாய்ப் பற்றியதையே பற்றிச் சுருளும் ஆன்மாவின் இயல்பை நன்கறிந்த நாம், பற்றாது கிடக்கும் இப்பூண்டைக் காணும்போது நம் சுற்றுக்கள் எவ்வெவை என்று எண்ணிப் பார்த்தல் தவறாகாது. இது மலரினின்று நாம் பெற்ற நினைவே, மலரின் இலக்கணமன்று. இரண்டனையும் வேறுவைத்து அறிவார்க்கு உவமை தீங்கு செய்யாது.

இனி, சைவர் சிலர்க்கு உள்ளத்தே கிடக்கும் தடையொன்றை வெளிப்பட எடுத்துரைப்போம். ‘சிவத்தலத்து வழியில் மலரும் பூவிற்கு விஷ்ணுவின் பெயரோ? அதனை மாற்றி வேறொரு பெயர் இடின் என்?’ என்பது அது. அற்றேல், சிவகரந்தை என்று மாற்றுவோமாயின், அப்பெயர் முன்னமே வேறொரு செடியினது. மாற்றிய அன்றே மருந்தில் மயக்கம் புகும். அன்பு காரணமாகச் செய்த மாற்றமும் பொருளை மறைப்பின் அது ஆணவத்தின் தொழிலே ஆகும்.

இத்தடைக்கு விடை கூறுதற்குச் சங்கரன்கோயிலைப் போலத் தக்க இடம் வேறில்லை. சங்கன், பதுமன் என்னும் நாகவேந்தர் இருவர், சிவபெருமானே பெரியர் என்று ஒருவரும், திருமாலே பெரியர் என்று மற்றவரும் வழக்கிட்டதும், அம்பிகை புன்னைவனத்தே தவம் இயற்றியதும், ஆடித்திங்கள் உத்திராட நாளில் முழுமதியன்று இறைவன் சங்கரநாராயணனாய்க் காட்சி தந்ததும் தலபுராணம் கூறும். சங்கரலிங்கர் சந்நிதிக்கும் கோமதியம்மை சந்நிதிக்கும் நடுவே அத்திருவுரு இன்றும் விளங்குகின்றது, வலப்பாகம் அரன், இடப்பாகம் அரி. ஆண்டுதோறும் ஆடித்தபசு விழாவிற் கூடும் அடியார் கூட்டம் அதனை நினைந்தே கூடுகின்றது. திருமாலை இறைவனின் வேறாய பிறிதொரு பதியாகக் கொள்ளாது, அவனது சத்தியாகக் கண்டு போற்றிய திருநாவுக்கரசு சுவாமிகளின் நெறியே நமக்கு நெறி. நாயகனை ஒருபுறத்து நோக்கினார் ஒரு பெயரும், மறுபுறத்து நோக்கினார் வேறொரு பெயரும் கூறினர். வழக்கு பெயரிடத்தே எழுந்தது. திருவுருவைக் கண்டவழித் தணிந்தது. நாகர் இருவரும் வாதத்தால் தெளிந்திலர். காட்சியால் தெளிந்தனர் என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

அவ்வளவில் அமையாது, அம்பிகை இறைவனுக்கே உரிய வடிவைக் காட்டுமாறு வேண்ட, அவன் சங்கரலிங்கமாய்க் காட்சி தந்தான் என்பதும் அப்புராணமே. ஆகவே எல்லாப் பெயரும் ஒன்றென்று கூறி ஆராய்ச்சியைக் கைவிடுதல் இத்தலத்தின் உபதேசம் அன்று. பெயர்ப்பூசலைக் கடந்து பொருளை நோக்குதலும், நோக்கியவழி அதன் சொரூபத்தை அறியும் வரை அமையாமையுமே உபதேசம். திருத்தெள்ளேணம் பாடிய மணிவாசகப் பெருமான், பெயரும் வடிவும் கடந்த பொருளுக்கே ஆயிரம் பெயர் சொல்லி ஆடுமாறு மகளிரை அழைத்தருளினார். பெயர் வேண்டா என்றாரல்லர், பெயரளவில் நின்றாருமல்லர்.

இனி இம்மலரின் வாயிலாக நாம் பெறும் முடிந்த பயனைக் கூறி அமைவாம். செடிக்குத் தன் பெயர் தெரியாது. காண்பானுக்கும் அது தானே தோன்றாது. அறிந்தார் ஒருவர் காட்டிக் கூறுதல் வேண்டும். ஆன்மாவின் நிலையும் அத்தகையதே. அது தானே அறிவதன்று, காட்டக் காண்பது. கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டெனினும் கதிரொளி இன்றிக் காணாதவாறு போல, உயிர்க்கு அறியும் ஆற்றல் உண்டெனினும் திருவருள் இன்றி அறியாது. சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரம் கூறும் அரசகுமாரனை நினைமின்கள். அவன் வேடரிடை வளர்ந்து தன்னை வேடனென்றே கருதியிருந்தான். அவனுக்கு அரசகுலம் புதிதாய் வந்ததன்று. குணமும் பிறப்பும் முன்னமே உள்ளன. ‘நீ இன்னான்’ என்று அறிந்தவன் ஒருவன் வந்து உணர்த்திய அளவில் அவன் தன்னை அறிந்தான். குரு செய்வதும் அதுவே. அவர் இல்லாத தொன்றைப் படைப்பவரல்லர். உள்ளதனை இன்னதென்று சுட்டி உணர்த்துபவர். மிதிபடக் கிடந்த பூண்டு ஒன்று, பெயர் கேட்ட கணத்தில் மருந்தாய், மரபாய், திருமாலின் அடிச்சுவடாய் நம்முன் நிமிர்ந்து நிற்கின்றது. செடி மாறவில்லை; நம் கண் மறைப்பு நீங்கிற்று.

இதன் மறுதலையையும் எண்ணுதல் வேண்டும். பெயர் அறியப்படாத பூண்டுகட்கெல்லாம் உலகம் ஒரு பெயர் வைத்திருக்கின்றது. அது ‘களை’ என்பது. வழி அகலமாகும்போதும், ஓரங்கள் செதுக்கப்படும்போதும், அப்பெயர் சூட்டப்பட்டன யாவும் ஒருங்கே அழிவன. ‘களை’ என்பது சாதியும் அன்று, குணமும் அன்று. நாம் நோக்கவில்லை என்பதற்கு நாமே இட்ட பெயர். உயிர்களிடத்தும் இங்ஙனமே. ஒருவனை அவன் குணமும் தொழிலும் நோக்காது கூட்டப்பெயர் ஒன்றால் ஒதுக்குவார், நிருவிகற்பத்தினின்றும் நேரே திரிபிற்குச் சென்றவராவர்.

ஆதலின் திருமடங்களில் அளவை நூல் பயிற்றும் ஆசிரியர்க்கும் பயிலும் மாணாக்கர்க்கும் ஒரு விண்ணப்பம் செய்துகொள்கின்றோம். காட்சியின் வகைகளைப் பாடமாக ஒப்பித்தபின், கார்த்திகை மழை ஓய்ந்த காலை ஒன்றில் மாணாக்கரை ஊர்ப்புறத்து வழிக்கு அழைத்துச் செல்க. வெயில் ஏறுமுன் செல்க. ஏறியபின் மலர் குவிந்துவிடும். ஒரு பூண்டின் முன் அமரச் செய்து, பெயரைக் கூறாது, இனத்தையும் நிறத்தையும் தொழிலையும் உறுப்பையும் அவர் வாயாலேயே சொல்லச் செய்க. ஐயுறுவாரை ஐயுற விடுக. விரைந்து துணிவாரைத் தடுத்து மீளவும் நோக்கச் செய்க. அருகே ஆடு மேய்ப்பார் உளராயின் அவர் வழங்கும் பெயரைக் கேட்டு, கேட்ட இடத்தோடு எழுதி வைக்க. நூலில் ஏறாத பெயர்கள் அவரோடே மறையும். பின்னரே ஆசிரியர் தாம் அறிந்த பெயரைக் கூறுக. அப்பொழுது சித்தியாரின் அளவைப் பகுதி ஏட்டில் உள்ள சூத்திரமாய் நில்லாது, மாணாக்கர் கண்ணுள் ஒளியாய் நிற்கும்.

சங்கரன்கோயிலுக்கு நடந்து வரும் அடியார்களே! கோபுரத்தை நோக்கி வரும் வழியில் ஒருகணம் தரையையும் நோக்குமின். கோபுரத்துள் விளங்கும் பொருளின் அருளே அந்நீலத்திலும் நிறைந்துள்ளது. பெயர் அறிந்தால் வாழ்த்திச் செல்லுங்கள். அறியீராயின் குனிந்து நோக்குங்கள். நோக்கியபின் அறிந்தாரைக் கேளுங்கள். இவ்வளவே காட்சி, இவ்வளவே கேள்வி. இவ்விரண்டும் தூயவாயின், காண்பானையும் காட்டுவானையும் அறியும் ஞானத்திற்கு அவ்வழியோரமே முதற்படி ஆகும்.

திருச்சிற்றம்பலம்